ஊரில் வசூல் போடும் முன்: ஏழை வீட்டு வைத்தியச் செலவை யாரிடம், எந்த வரிசையில் கேட்பது

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு வீட்டுக்குப் பெரிய நோய் வந்தால் இரண்டு காரியம் உடனே நடக்கும். வீட்டுக்காரர் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார். ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப்பில் ஸ்கேன் படத்தையும் ஜிபே எண்ணையும் போட்டு வசூலைத் தொடங்குவார்கள். இரண்டுமே நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் வரிசை தப்பு. அரசு கட்ட வேண்டிய பில்லுக்கு ஊர்ப்பணம் போய்விடுகிறது. ஊர்ப்பணத்தால் மட்டுமே தீரக்கூடிய செலவு வரும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை.

ஆபரேஷன், படுக்கை, மருந்து, ஸ்கேன் ஆகியவை அரசின் பொறுப்பு. அவற்றை விடாமல் அரசிடம் கேட்க வேண்டும். பஸ் காசு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி, வீடு திரும்பிய பிறகு வரும் சில்லறைச் செலவுகள் ஆகியவை தர்மப் பணத்தின் வேலை. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நோயாளி வீட்டுக்காரர்களுக்கும், உதவி செய்ய முன்வரும் இளைஞர் மன்றம், ஜமாத், சர்ச் சபை, கோயில் கமிட்டி போன்றவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

ஏன் இந்தப் பிரிவினை

சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரம் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தனியாரில் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், வாரம் மூன்று தடவை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 4,500. ஊர் கூடி ஒரு லட்சம் திரட்டினாலும் 22 வாரத்தில் தீர்ந்துவிடும். ஐந்து மாதம் கழித்தும் அந்த மனிதர் உயிரோடு இருப்பார், டயாலிசிஸும் தேவைப்படும். இரண்டாம் முறை வசூலுக்குப் போனால் முதல் முறை கொடுத்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான்.

அதே ஒரு லட்சத்தை வேறு மாதிரி பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய் என்று அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டியது. ஒரு லட்சத்தில் 117 குடும்பங்களுக்கு, தலா 5 லட்சம் ரூபாய்க்கான ஓராண்டுக் காப்பு. கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒரே திட்டத்தில் இருப்பதால்தான் இந்த விலை. எந்தத் தர்ம ஸ்தாபனத்தாலும் இந்த அளவுக்கு ஆள் சேர்க்க முடியாது.

தர்மம் முகம் பார்த்துத்தான் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைக்குப் பணம் குவியும். குடித்து ஈரல் கெட்டவருக்கும், மனநோயாளிக்கும், டிபி வந்த கிழவருக்கும் யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. அரசு அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதியில்லை என்று சொல்லி அரசு தப்ப முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்திருக்கிறது. சோப்பும் செருப்பும் வாங்கும்போது கூலிக்காரரும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அரசு ஆஸ்பத்திரியில் அவர் வாங்குவது இனாம் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கவுன்ட்டரில் நிற்கும்போது குரல் தாழாது.

முதல் மணி நேரம்

அவசரத்தில் அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் உயிர்காக்கும் சிகிச்சைக்கு எந்த அட்டையும் தேவையில்லை. தனியார் ஆஸ்பத்திரியும் உயிருக்குப் போராடுபவருக்கு முதல் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டிலிருந்து சட்ட நிலை.

சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனை எதிலும் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை, வருமான வரம்பு, சொந்த மாநிலம் எதையும் பார்ப்பதில்லை. நான்குவழிச் சாலையில் அடிபட்ட வடநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். பலரும் தவறுவது இங்கேதான்: பக்கத்தில் தெரிந்த ஆஸ்பத்திரி என்று, பட்டியலில் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள். 108 ஊழியரிடம் 'நாப்பத்தெட்டு திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பேரையூரிலிருந்தோ எழுமலையிலிருந்தோ வருபவர்களுக்கு இதில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். நாட்டு மருந்து, மந்திரிப்பு, 'காலையில் பார்த்துக்கலாம்' எதற்கும் இடமில்லை. பாம்புக் கடிக்கும் இதே அவசரம்தான். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த இடத்தை அறுப்பது, கயிறு இறுக்கிக் கட்டுவது இரண்டும் கூடாது.

காப்பீட்டு அட்டை: நோய் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பு உயர்த்தப்பட்டது. அப்போது கிடைக்காமல் விட்டவர்கள் மறுபடி கேட்கலாம். காப்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 2018-இலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஈரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு இதற்கென்று தனித் தொகுப்பு நிதி உண்டு. ஐந்து லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்ததுமே கை விட்டுவிடாதீர்கள்.

அட்டை எடுக்க ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவுக் கவுன்ட்டருக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை; குடும்பத் தலைவரோ இன்னொருவரோ போய், மருத்துவமனை அனுமதிச் சீட்டைக் காட்டி விவரம் சொன்னால் வழி செய்வார்கள். காகிதம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அன்றே பதிவு எண் கிடைத்துவிடும். அந்த எண் போதும், பிளாஸ்டிக் அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று தெரியாவிட்டால் ரேஷன் கார்டு எண்ணை வைத்துக்கொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். பலருக்குப் பழைய பதிவு இருக்கும், அவர்களுக்கே தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் பெயரில். ஆதாரில் 'முத்துப்பேச்சி', ரேஷன் கார்டில் 'பேச்சியம்மாள்' என்றிருந்தால் ஆஸ்பத்திரியில் அனுமதி நின்றுவிடும். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். பிரசவத்தில் சிக்கல் வந்து ஆபரேஷன் என்றால் எந்தக் குடும்பத்துக் காப்பு என்று குழப்பம். பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு: வேலைக்குப் போகும் வரை, கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். குடும்பத் தலைவர் இறந்துபோன வீட்டில் பெயர் மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஊர் மன்றம் ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் இந்த நான்கை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தாலே, எந்த வசூலையும்விடப் பெரிய உதவி அது. செலவு ஜெராக்ஸ் காசுதான்.

கம்பெனி, மில், கடை எதிலாவது சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால் முதல் வாசல் அதுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும், தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மருத்துவச் செலவோடு, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் வரும். சம்பளச் சீட்டைப் பார்க்காமலே ஊர் வசூலுக்கு வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு.

பெரியாஸ்பத்திரியா, அட்டை வாங்கும் தனியாரா

பெரியாஸ்பத்திரி என்கிற கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. பிறகு ஏன் அங்கே அட்டை கேட்கிறார்கள்? காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வந்து சேரும். கருவி வாங்கவும், மருந்து வாங்கவும், ஊழியர் ஊக்கத்தொகைக்கும் போகும். அதனால் தயங்காமல் கொடுங்கள். 'அட்டையைக் கொடுத்தா காசு தீர்ந்துடும்' என்று ஒளித்துவைப்பது வீண் பயம். காப்பு ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படும்.

பரிசோதனைகளை முடிந்தவரை அரசு மருத்துவமனையிலேயே எடுங்கள். காப்பீடு முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. தனியாரில் வெளிநோயாளியாக எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகளுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போகும். ஆபரேஷன் இலவசம் என்று நம்பிப் போனவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே கடனாளியாவது இந்த இடத்தில்தான்.

பெரியாஸ்பத்திரியின் குறையை மறைக்க வேண்டியதில்லை. கூட்டம் அதிகம். அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிப்போகும். மூட்டு, குடலிறக்கம், கருப்பைக் கட்டி போன்றவற்றுக்கு டாக்டர் பொறுக்கலாம் என்று சொன்னால் காத்திருங்கள். புற்றுநோய் என்று உறுதியாகி, ஆபரேஷன் தேதி வாரக்கணக்கில் தள்ளினால் காத்திருக்காதீர்கள். அட்டை ஏற்கும் தனியாரைப் பாருங்கள். கதிர்வீச்சு, கீமோ எங்கே தொடங்கினாலும் பாதியில் இடம் மாற்றுவது கெடுதல். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ஸ்லைடு, பிளாக் (சோதனைக்கு எடுத்த சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். பெரியாஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்கபுரத்தில் இருக்கிறது, கோரிப்பாளையத்தில் இறங்கி அலைய வேண்டாம். டிபி, நெஞ்சு நோய்க்குத் தோப்பூர்.

தனியாருக்குப் போகும் முன் மூன்று கேள்வி. இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா? இந்த நோய்ப் பிரிவுக்கும் இருக்கிறதா? (எலும்புக்கு அனுமதி பெற்ற இடம் இதயத்துக்குப் பெறாமல் இருக்கலாம்.) இந்த ஆபரேஷன் திட்டப் பட்டியலில் வருகிறதா? மூன்றுக்கும் பதிலை அந்த இலவச எண்ணில் கேட்டுவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். ரிசப்ஷனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

அட்மிட் ஆனதும் ஆஸ்பத்திரி காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முன் அனுமதி கேட்கும். அனுமதி வருமுன் 'இப்போதைக்கு இருபதாயிரம் கட்டுங்க, அப்புறம் திருப்பித் தருவோம்' என்று கேட்டால் கட்டாதீர்கள். இது பணமில்லா சிகிச்சைத் திட்டம். உங்கள் கையால் கட்டிய பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'அட்டையில் வர்ற ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயில் வைக்கும் வலைக்குழாய்) சாதாரணம், நல்லது வேணும்னா வித்தியாசப் பணம்' என்பது அடுத்த வலை. வித்தியாசப் பணம் கேட்டால், எதற்கு, எவ்வளவு என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். எழுதித் தந்தால் அதுவே புகாருக்கு ஆதாரம்.

அரசின் சின்ன வாசல்கள்

பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பம் உறுதியானதும் கிராம செவிலியரிடம் பதிய வேண்டும், தாமதித்தால் தவணை தவறும். டிபி நோயாளிக்குச் சிகிச்சை முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை, 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாவிட்டால் பணம் ஏறாது. பிறவிக் குறை உள்ள குழந்தையை அங்கன்வாடி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் மேல் சிகிச்சைக்கு அவர்களே பரிந்துரைப்பார்கள்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948-இலிருந்து இருக்கிறது. இதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்குச் செலவில் ஒரு பகுதியைத் தரும். பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய பில்லுக்கு வராது. எம்.பி. அலுவலகத்தின் வழியே அனுப்பினால் தொடர்ந்து விசாரிக்க ஒரு ஆள் கிடைப்பார். மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி என்று இன்னொன்று உண்டு, அது அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஏழைகளுக்கு மட்டும்.

அரசுப் பணத்தில் வராதவை

ஊர்ப்பணம் போக வேண்டிய இடம் இதுதான், கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். சுமார் 30 நடை. இரண்டு பேருக்குப் போக வர 150 ரூபாய் என்றால் 4,500. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து புறநகர் பஸ்ஸில் வந்தால் டிக்கெட் உண்டு. துணைக்கு வருபவரின் கூலி: நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் அரசு நிர்ணயித்த 336 ரூபாயை வைத்துப் பார்த்தாலே 30 நாளுக்கு 10,080. ஆக, 'இலவச' சிகிச்சைக்கு அந்தக் குடும்பம் ஏறக்குறைய 15,000 ரூபாய் இழக்கிறது. இருபதாம் நாள் சிகிச்சையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் மருந்துக்கு வழியில்லாமல் போவதில்லை. பஸ் காசும் கூலியும் இல்லாமல் போகிறார்கள். பாதியில் நின்ற கதிர்வீச்சு நோயைக் கொல்லாது. அரசு அதுவரை செலவழித்ததும் வீண். ஊர் தரும் 15,000 ரூபாய் அந்த முழுச் சிகிச்சையையும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

சாப்பாட்டுக்கு: வார்டில் நோயாளிக்கு உணவு உண்டு, துணையாளுக்குக் கிடையாது. அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். துணையாளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் ஒதுக்கினால் தாராளம். மற்றபடி முதியோர் டயாபர், காயத்துக்குக் கட்டுத்துணி, மருந்துக் கடையில் எழுதித்தரும் ஒன்றிரண்டு மருந்து, வாக்கர், ஸ்கேனுக்காக ஆட்டோ. ரயிலில் வெளியூர் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கண் ஆபரேஷனில் தர்மம் ஏன் ஜெயித்தது

மதுரைக்காரரிடம் அரசுதான் கட்ட வேண்டும் என்று வாதிட்டால், 'அரவிந்த் ஆஸ்பத்திரியைப் பாருங்க' என்பார். நியாயமான பதில்தான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம், கட்டணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்குச் சிகிச்சை தருகிறது. வெளிநாட்டு விலையில் இருந்த கண் லென்ஸை 1992-இல் ஆரோலேப் என்ற தன் நிறுவனம் மூலம் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கியதால்தான் அந்தக் கணக்கு நிமிர்ந்தது.

ஆனால் அது கண்புரை. ஒரே ஆபரேஷன், சில நிமிட வேலை, செலவு முன்கூட்டியே தெரியும், ஒருமுறை முடிந்தால் முடிந்தது. ஒரே மாதிரி ஆபரேஷனை ஆயிரக்கணக்கில் செய்யும்போது தலைக்கு ஆகும் செலவு இறங்கும். டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் தீக்காயத்துக்கும் இந்தக் குணம் எதுவும் இல்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும், எவ்வளவு ஆகுமென்று யாருக்கும் தெரியாது. அதோடு, இலவசக் கண்புரை ஆபரேஷன் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசும் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று மானியம் தருகிறது. தர்மம் ஓடும் அந்த இடத்திலும் அரசுப் பணம் இருக்கிறது.

கண்புரைக்கு முகாமுக்குப் போவதென்றால்: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். இரண்டு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையைச் சரிசெய்து கொள்ளுங்கள். தேர்வானவர்களை அன்றே வண்டியில் கூட்டிப்போவதுண்டு, மாற்றுத்துணியும் சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். திரும்பிய பிறகு பல வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். தனியாக இருக்கும் பாட்டிக்குச் சொட்டு விட ஒரு ஆளை ஏற்பாடு செய்வதும் தர்மக் கணக்குதான்.

டிரஸ்ட்களிடம் கேட்கும் முறை

அரசு வாசல்கள் மூடிய பிறகு, மிஞ்சிய தொகைக்கு மட்டும் டிரஸ்ட், ரோட்டரி, ஜமாத், சபைகளைக் கேளுங்கள். மனுவில் எழுத வேண்டியது: நோய், செய்ய வேண்டிய சிகிச்சை, மொத்த எஸ்டிமேட், காப்பீட்டில் வந்தது, குடும்பம் போட்டது, பற்றாக்குறை. 'ரூ. 1,80,000 எஸ்டிமேட்டில் காப்பீடு 1,35,000, குடும்பம் 15,000, தேவை 30,000' என்று வந்த மனுவுக்கும், 'ஏழைக் குடும்பம், உதவுங்கள்' என்று வந்த மனுவுக்கும் டிரஸ்ட் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு. காப்பீடு மறுத்திருந்தால் மறுப்புக் காகிதத்தையும் இணையுங்கள். ஆஸ்பத்திரி வங்கிக் கணக்கும் உள்நோயாளி எண்ணும் எஸ்டிமேட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாலான டிரஸ்ட்கள் தனி ஆள் கையில் தராது, அதுவே சரி. டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரியில் சலுகை கேட்பதானால் அட்மிஷன் அன்றே சமூகப் பணியாளரைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் அன்று கெஞ்சினால் பில்லில் ஏதோ கொஞ்சம் தட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஊர் நிதி நடத்துபவர்களுக்கு

ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி வசூலைவிட நிலையான நிதி நல்லது. 100 வீடு, மாதம் 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60,000. ஒரு குடும்பத்துக்கு 15,000 வரம்பு என்று வைத்தால் வருஷத்தில் நான்கு பெரிய நோய்களைத் தாங்கலாம். பணம் ஆபரேஷனுக்கு இல்லை, பயணம், சாப்பாடு, கூலி, தொடர் மருந்துக்கு மட்டும் என்பதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். மொத்தமாகத் தராமல் வாரா வாரம் கொடுங்கள். மொத்தத் தொகை கந்துவட்டிக்காரர் கைக்குப் போய்விடும்.

கணக்கு இருவர் கையெழுத்தில் கூட்டாக இருக்கட்டும், ஒருவரின் ஜிபே எண் வேண்டாம். நோயாளியின் முகத்தைப் போடாமல் வரவு செலவை மட்டும் குரூப்பில் போடுங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தப் பணத்தை மொய் நோட்டில் ஏற்றக் கூடாது. மொய் என்றால் திருப்பிச் செய்தாக வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தவர் தலையில் அடுத்த விசேஷத்துக்குக் கடன் விழும்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பினால் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது சிக்கலில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் மன்றக் கணக்குக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. அவர் நோயாளிக்கு நெருங்கிய உறவென்றால் குடும்பத்துக்கே நேராக அனுப்பட்டும். 80ஜி ரசீது கேட்கும் நன்கொடையாளரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மறுத்தால் எங்கே போவது

வார்டில் காசு கேட்டாலோ, ஸ்கேனுக்கு வெளியே அனுப்பினாலோ, முதலில் நிலைய மருத்துவ அலுவலர், பிறகு டீன். எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். தனியாரில் அட்டையை மறுத்தால் முதலில் காப்பீட்டு இலவச எண், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் புகார் பதியலாம். ஆட்சியர் மனுவுக்கு எண் கொடுப்பார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். ஆஸ்பத்திரி சேவையும் காப்பீடும் சட்டப்படி பொதுப் பயன்பாட்டுச் சேவைகள். நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி, எல்லா ரிப்போர்ட், காப்பீட்டு அனுமதி எண், அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையையும் படுக்கை நோயாளிக்கான பிசியோதெரபியையும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருவார். வீடு திரும்பிய வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அங்கே கிடைக்காத மாத்திரைக்கு, குறைந்த விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் துண்டு விழும் தொகையை ஊர் நிதியில் மாதாமாதம் எழுதுங்கள்.